64 கோர் இருந்தும் தரவுத்தளத்தின் கேஷ் ஏன் வேகமெடுப்பதில்லை?

கேள்வியின் சாரம் இது. 16 கோர் கொண்ட சர்வரிலிருந்து 64 கோர் கொண்ட சர்வருக்குத் தரவுத்தளம் மாற்றப்பட்டிருக்கிறது. தரவு முழுவதும் நினைவகத்துக்குள் அடங்குகிறது. தேடிய பக்கம் (தரவுத்தளம் தரவைப் பிரித்து வைக்கும் நிலையான அளவுத் துண்டு) கேஷிலேயே, அதாவது பக்கங்களின் பிரதிகளை வைத்திருக்கும் நினைவகப் பகுதியிலேயே, கிடைக்கும் விகிதம் 99 சதவீதத்துக்கும் மேல். வட்டுக்கு வேலையே இல்லை. ஆனாலும் விநாடிக்கு முடியும் வினவல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 20 கோர் அளவோடு நின்றுவிடுகிறது. இணைப்புகளைக் கூட்டினால் குறையவும் செய்கிறது. சிபியு மட்டும் முழுவதும் ஓடுவதாகக் காட்டுகிறது. கேஷைப் பெரிதாக்குவதா, பல துண்டுகளாகப் பிரிப்பதா, தரவுத்தளத்தையே மாற்றுவதா?

பெரிதாக்குவதில் பயன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 99 சதவீதம் என்ற எண், வட்டுக்குப் போகாமல் எத்தனை முறை தப்பித்தோம் என்பதை மட்டுமே சொல்கிறது. தப்பித்த ஒவ்வொரு முறையும் என்ன செலவானது என்பதைச் சொல்வதில்லை. வட்டு மெதுவாக இருந்த காலத்தில் அந்தச் செலவை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு பக்கத்தைக் கொண்டுவர 10 மில்லி விநாடி ஆகும்போது, கேஷின் உள்ளே 100 நானோ விநாடி வீணானால் அது கணக்கிலேயே வராது. வட்டு வழியிலிருந்து விலகிய பிறகு எஞ்சியிருப்பது அந்த 100 நானோ விநாடிதான். அதை 64 கோர்களும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் செலவிட முயல்கின்றன.

ஒரு பக்கம் கேஷில் கிடைத்துவிட்டால் உள்ளே நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். முதலில், எந்த அட்டவணையின் எத்தனையாவது பக்கம் என்ற அடையாளத்தைக் கொண்டு ஹேஷ் அட்டவணையில் (அடையாளத்திலிருந்து இருப்பிடத்தை நேராகக் கண்டறிய உதவும் பட்டியலில்) தேட வேண்டும். தேடும்போது வேறொருவர் அதை மாற்றிவிடாமல் இருக்க ஒரு பூட்டைப் பகிர்வு முறையில் எடுக்க வேண்டும். பக்கம் அகப்பட்டதும், யாரும் அதை வெளியேற்றிவிடாமல் இருக்க அதன் பயன்பாட்டுக் கவுன்ட்டரை ஒன்று கூட்ட வேண்டும். பிறகு ஹேஷ் பூட்டை விட வேண்டும். பக்கத்தின் உள்ளடக்கத்தைக் காக்கும் லாட்ச் எனப்படும் குறுகிய காலப் பூட்டைப் பகிர்வு முறையில் எடுக்க வேண்டும். படித்து முடித்ததும் விட வேண்டும். பக்கம் அண்மையில் பயன்பட்டது என்பதைக் குறித்துவைக்க வேண்டும். இறுதியில் கவுன்ட்டரை ஒன்று குறைக்க வேண்டும். அட்டவணையின் ஒரு வரிசையைப் படிக்க மட்டுமே வந்த வினவல், ஒரு பக்கத்துக்கு ஆறேழு முறை பொது நினைவகத்தில் எழுதிவிட்டுப் போகிறது. அடுக்குகள் நான்கு கொண்ட ஒரு பி-மர இண்டெக்ஸில் (வேர்ப் பக்கத்தில் தொடங்கி அடுக்கடுக்காக இறங்கித் தேடும் சுட்டுப்பட்டியலில்) இறங்கினால் இத்தனையும் நான்கு முறை நடக்கும்.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது: வெளியிலிருந்து பார்த்தால் படிப்பு, உள்ளிருந்து பார்த்தால் எழுத்து. பல கோர் இயந்திரங்களில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரிது. செயலி நினைவகத்தைத் தனித்தனி பைட்டுகளாகக் கையாள்வதில்லை. எக்ஸ்86 செயலிகளில் 64 பைட் கொண்ட கேஷ் லைன்களாகக் கையாள்கிறது. ஒரு கேஷ் லைனை எல்லாக் கோர்களும் படிக்க மட்டும் செய்தால், ஒவ்வொரு கோரும் தன் சொந்த எல்1 கேஷில் (கோருக்குள்ளேயே இருக்கும் மிக வேகமான சிறு நினைவகத்தில்) ஒரு பிரதியை வைத்துக்கொண்டு நான்கைந்து கடிகாரச் சுற்றுகளில் படித்துவிடும். கோர்கள் எத்தனை கூடினாலும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. ஆனால் ஏதாவது ஒரு கோர் அதில் எழுத வேண்டுமென்றால், மற்ற எல்லாப் பிரதிகளும் செல்லாதவை ஆக்கப்பட்டு, அந்த லைனின் உரிமை எழுதும் கோருக்கு மாற வேண்டும். அடுத்த கோர் எழுத வரும்போது உரிமை அங்கே நகரும். இந்த நகர்வுக்குப் பல பத்து நானோ விநாடிகள் ஆகும்; இரண்டு சாக்கெட்டுகளுக்கு (தனித்தனியாகப் பொருத்தப்பட்ட செயலிச் சில்லுகளுக்கு) இடையே என்றால் 100 நானோ விநாடியைத் தாண்டுவதும் உண்டு.

பகிர்வு முறைப் பூட்டு என்ற பெயரைக் கேட்டுப் பலர் ஏமாந்துபோவதும் இதனால்தான். படிப்பவர்கள் ஒருவரையொருவர் காத்திருக்க வைப்பதில்லை என்பது தருக்க அளவில் உண்மை. வன்பொருள் அளவில், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை ஒவ்வொருவரும் கூட்டவும் குறைக்கவும் வேண்டியிருப்பதால், அந்த எண் இருக்கும் கேஷ் லைன் ஒவ்வொரு கோராகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காத்திருப்பு நிகழ்வுகளின் பட்டியலில் இது தெரியவே தெரியாது; ஏனெனில் யாரும் தூங்கவில்லை. கோர்கள் எல்லாம் ஒரு லைனின் வருகைக்காக நின்றிருக்கின்றன. இயங்குதளம் அதையும் 'வேலை செய்கிறது' என்றே கணக்கெழுதுகிறது. கேள்வியில் சிபியு முழுவதும் ஓடுவதாகத் தெரிவதன் விளக்கங்களுள் இது முதன்மையானது.

ஏன் 20 கோர் அளவில் நிற்கிறது, அதற்கு மேல் ஏன் இறங்குகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. ஒரு பக்கத்தைக் கையாள மொத்தம் 2 மைக்ரோ விநாடி ஆகிறது என்றும், அதில் 100 நானோ விநாடி ஒரே பொதுப் பூட்டின் உள்ளே கழிகிறது என்றும் கொள்வோம். வேலையில் 5 சதவீதம் வரிசையாகத்தான் நடக்க முடியும். கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின்படி, எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. அந்தப் பூட்டின் வழியாக விநாடிக்கு ஒரு கோடி பக்க அணுக்கங்கள் மட்டுமே போக முடியும். 16 கோரில் இது ஓரளவு சமாளிக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்த 100 நானோ விநாடி மாறாத எண் அல்ல. போட்டி கூடும்போது, பூட்டுச் சொல்லும் அது காக்கும் தரவும் வேறு கோரின் கேஷிலிருந்து வர வேண்டியிருப்பதால், அது 200 ஆகிறது. பூட்டு கிடைக்காதவர்கள் சுற்றிச் சுற்றி முயலும்போது, வைத்திருப்பவர் அதை விடுவிப்பதற்கே தாமதமாகிறது. 200 ஆனால் உச்சவரம்பு 50 லட்சமாகப் பாதியாகிவிடும். நீல் குந்தர் வகுத்த அளவிடுதல் விதியில், வரிசையில் நிற்பதற்கு ஒரு காரணியும், கோர்கள் தங்களுக்குள் ஒத்திசைவதற்கு இன்னொரு காரணியும் தனித்தனியாக வருவது இதனால்தான். முதல் காரணி வரைகோட்டைத் தட்டையாக்கும். இரண்டாவது அதைக் கீழே வளைக்கும். உங்கள் வரைகோடு கீழே வளைகிறது என்றால் இரண்டாவதும் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

இனி தீர்வுகள். என் பார்வையில் எல்லாத் தீர்வுகளையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம்: கேஷில் கிடைத்த ஒரு பக்கத்துக்காகப் பொது நினைவகத்தில் எத்தனை முறை எழுதுகிறோம், அவற்றுள் எத்தனை எல்லோரும் எழுதும் அதே இடத்தில் விழுகின்றன?

இந்த அளவுகோலில் மிக மோசமாக நிற்பது, பாடப்புத்தகங்களில் முதலில் வரும் எல்ஆர்யு முறைதான்; நெடுநேரம் பயன்படாத பக்கத்தை முதலில் வெளியேற்றும் முறை அது. அண்மையில் பயன்பட்ட பக்கத்தைப் பட்டியலின் தலைக்கு நகர்த்துவது என்றால், இரட்டை இணைப்புப் பட்டியலில் ஐந்தாறு சுட்டிகளை மாற்ற வேண்டும். அதற்கு முழுப் பட்டியலையும் பூட்ட வேண்டும். இது ஒவ்வொரு அணுக்கத்திலும் நடக்க வேண்டும். எந்தத் தீவிரத் தரவுத்தளமும் இதை அப்படியே செய்வதில்லை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி, பட்டியலின் இளைய பகுதியில் தலைக்கு அருகிலேயே இருக்கும் பக்கத்தை மீண்டும் நகர்த்துவதில்லை; போதுமான அளவு பின்தங்கிய பக்கத்தை மட்டுமே முன்னுக்குக் கொண்டுவருகிறது. ஆரக்கிள் 8ஐ பதிப்பிலிருந்து பட்டியல் நகர்த்தலைக் கைவிட்டு, தொடுகை எண்ணிக்கை என்ற கவுன்ட்டரைப் பயன்படுத்துகிறது. அதையும் 3 விநாடிக்கு ஒரு முறைக்கு மேல் கூட்டுவதில்லை. மெம்கேஷ்டி என்ற நினைவகக் கேஷ் மென்பொருள் 60 விநாடிக்குள் மீண்டும் தொடப்பட்ட பொருளை நகர்த்துவதே இல்லை. மூன்றிலும் ஒரே சிந்தனைதான்: சூடான பக்கம், அதாவது அடிக்கடி தொடப்படும் பக்கம், சூடானது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது, அதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்வதால் வெளியேற்ற முடிவு எதுவும் மாறப்போவதில்லை.

கிளாக் முறை இதை இன்னும் ஒரு படி எளிமையாக்குகிறது. 1960களின் இறுதியில் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக கார்பட்டோ முன்வைத்த முறை அது. பட்டியலே கிடையாது, பக்கங்கள் ஒரு வட்டமாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு குறி. பயன்படுத்துபவர் குறியை வைக்கிறார். இடம் தேவைப்படும்போது முள் வட்டமாக நகர்ந்து குறிகளைக் குறைத்துக்கொண்டே போய், குறி இல்லாத பக்கத்தை வெளியேற்றுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி சுவையானது. 2005 ஜனவரியில் வந்த 8.0 பதிப்பில் ஏஆர்சி என்ற புத்திசாலித்தனமான முறை இருந்தது. ஐபிஎம்மின் காப்புரிமை விண்ணப்பம் குறித்த கவலையால் 8.0.2இல் அது 2க்யூ முறைக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 8.1, இரண்டையும் விட்டுவிட்டுக் கிளாக் முறைக்குத் தாவியது. அந்த மூன்றாவது மாற்றத்துக்குக் காரணம் காப்புரிமை அன்று. முந்தைய இரண்டுக்கும் ஒவ்வொரு பக்க அணுக்கத்திலும் ஒரு பொதுப் பூட்டு தேவைப்பட்டதுதான். காகிதத்தில் அதிகக் கிடைப்பு விகிதம் தரும் முறை, பல செயலிகள் கொண்ட இயந்திரத்தில் எளிய முறையிடம் தோற்றது. கேஷ் வழிமுறைகளைக் கிடைப்பு விகிதத்தை மட்டும் வைத்து ஒப்பிடும் ஆய்வுக்கட்டுரைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கிளாக்கிலும் ஒரு பொதுச் சொல் உண்டு: முள்ளின் இடம். பக்கங்கள் அடிக்கடி வெளியேற்றப்படும் சுமையில், எல்லோரும் அந்த முள்ளைப் பூட்டி நகர்த்த வேண்டியிருந்தது. போஸ்ட்கிரெஸ் 9.5இல் அது பூட்டு இல்லாத அட்டாமிக் கூட்டலாக (இடையில் யாரும் குறுக்கிட முடியாத ஒரே செயலாக) மாற்றப்பட்டது. வட்டம் முடிந்து திரும்பும் தருணத்தில் மட்டுமே பூட்டு. ராக்ஸ்டிபி என்ற சேமிப்பு நூலகத்தின் வரலாறும் இதே திசையில் போகிறது. அதன் பழைய எல்ஆர்யு கேஷ் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, துண்டுக்கு ஒரு பூட்டு என்று இயங்கியது. 2022இல் வந்த ஹைப்பர் கிளாக் கேஷ், தேடலையும் குறி வைத்தலையும் பூட்டே இல்லாமல் அட்டாமிக் செயல்களால் முடித்துவிடுகிறது.

சிக்கலான வெளியேற்ற முறைதான் வேண்டும், ஆனால் பூட்டுச் செலவு கூடாது என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2009இல் வெளிவந்த பிபி-ராப்பர் என்ற ஆய்வு அதைப் போஸ்ட்கிரெஸில் செய்து காட்டியது. ஒவ்வொரு அணுக்கத்தையும் உடனே பொதுப் பட்டியலில் பதியாமல், ஒவ்வொரு திரெட்டும் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒவ்வொரு இழையும்) தன் சொந்தச் சிறு வரிசையில் எழுதி வைத்துக்கொள்கிறது. வரிசை ஓரளவு நிரம்பியதும் பூட்டை எடுத்து மொத்தமாகப் பதிகிறது. பூட்டு உடனே கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் வேலையைத் தொடர்கிறது. 64 அணுக்கங்களுக்கு ஒரு முறை பூட்டினால் பூட்டும் எண்ணிக்கை 64இல் ஒன்றாகக் குறைகிறது. ஜாவா உலகில் பரவலாகப் பயன்படும் காஃபின் நூலகம் இன்னும் துணிச்சலானது. பதிவு வரிசை நிரம்பிவிட்டால் சில அணுக்கங்களைப் பதியாமலேயே விட்டுவிடுகிறது. இது சரிதானா என்று தயங்க வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்பது தோராயமான கணிப்புதான். கணிப்பின் உள்ளீட்டில் சில இழப்புகள் இருந்தால் விடை தவறாகிவிடாது. சரியாக இருந்தே தீர வேண்டியவை பயன்பாட்டுக் கவுன்ட்டரும் உள்ளடக்கப் பூட்டும் மட்டுமே. சரியாக இருந்தே தீர வேண்டியது எது, தோராயமாக இருந்தால் போதும் எது என்று பிரித்துப் பார்ப்பது இந்தத் துறையில் பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது, கேள்வியில் கேட்கப்பட்ட பிரித்தல். ஹேஷ் அட்டவணையை ஒரே பூட்டால் காக்காமல் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பூட்டு வைப்பது. போஸ்ட்கிரெஸ் 8.2இல் 16 பகுதிகளாகவும், 9.5இல் 128 பகுதிகளாகவும் பிரித்தது. மைஎஸ்க்யூஎல் 5.5 முழு பஃபர் பூலையுமே (பக்கங்களை வைத்திருக்கும் கேஷ் முழுவதையுமே) பல தனிப் பூல்களாகப் பிரிக்கும் வசதியைத் தந்தது. இது பயன் தரும் என்பதில் ஐயமில்லை; ஆனால் அதன் எல்லை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். பிரித்தல், வெவ்வேறு பக்கங்களைத் தேடுபவர்களைத்தான் பிரிக்கும். நான்கு அடுக்கு இண்டெக்ஸில் தேடும் ஒவ்வொரு வினவலும் வேர்ப் பக்கத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்பதால், இண்டெக்ஸ் அணுக்கங்களில் நான்கில் ஒன்று ஒரே பக்கத்தின் மீது, எனவே ஒரே பகுதியின் மீது விழுகிறது. ஆகவே 128 பகுதிகளாகப் பிரித்தாலும், ஒரே இண்டெக்ஸ் மீதான சுமைக்கு உச்சவரம்பு நான்கு மடங்குதான் உயரும். 1024 ஆக்கினாலும் அதே நான்குதான். ஆரக்கிள் நிர்வாகிகள் 'கேஷ் பஃபர்ஸ் செயின்ஸ்' என்ற லாட்ச்சின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பது இதே காரணத்தால். பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு சூடான பக்கம் ஒளிந்திருக்கும்.

பிரித்தலே குறிக்கோள் அல்ல என்பதற்கு மரியாடிபி நல்ல சான்று. 2020இல் வந்த 10.5 பதிப்பில் அவர்கள் பல பூல் ஏற்பாட்டையே கைவிட்டு, ஒரே பஃபர் பூலுக்குத் திரும்பினார்கள். அதற்குள் இருக்கும் பூட்டுகளை நுணுக்கமாகத் திருத்தினார்கள். மைஎஸ்க்யூஎல் 8.0 பூல்களை வைத்துக்கொண்டே, ஒவ்வொன்றிலும் இருந்த ஒற்றைப் பெரும் பூட்டை, எல்ஆர்யு பட்டியலுக்கு ஒன்று, காலி இடப் பட்டியலுக்கு ஒன்று என்று பலவாக உடைத்தது. இரண்டு வழிகளும் ஒரே நோயைக் குணப்படுத்துகின்றன. ஆனால் நிர்வாகி தன் கையால் திருப்பிப் பார்க்க வேண்டிய திருகாணி ஒன்று குறைவது எனக்கு உயர்வாகத் தெரிகிறது.

சூடான பக்கத்தின் கவுன்ட்டரையே மலிவாக்குவது அடுத்த படி. போஸ்ட்கிரெஸ் 9.6 வரும்வரை, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்புக் குறிப்பையும் ஒரு சுழற்பூட்டு (கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிச் சுற்றி முயல வைக்கும் பூட்டு) காத்தது. கவுன்ட்டரைக் கூட்டுவதற்குப் பூட்டு, கூட்டல், விடுவித்தல் என்று மூன்று செயல்கள். 9.6இல் கவுன்ட்டரும், பயன்பாட்டு அளவும், நிலைக்குறிகளும் சேர்த்து ஒரே 32 பிட் சொல்லுக்குள் அடைக்கப்பட்டன: 18 பிட் கவுன்ட்டருக்கு, 4 பிட் பயன்பாட்டு அளவுக்கு, 10 பிட் குறிகளுக்கு. அதன் பிறகு ஒரு ஒப்பிட்டு மாற்றும் அட்டாமிக் செயலில் பக்கத்தைப் பிடித்துவிடலாம். இதோடு, ஒரே செயல்முறை ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும் பக்கத்தை மீண்டும் பிடிக்கும்போது, பொதுச் சொல்லைத் தொடாமல் தன் சொந்தக் கவுன்ட்டரை மட்டும் கூட்டிக்கொள்கிறது. அதற்கு முன்பே 9.5இல், இந்தத் தலைப்புக் குறிப்புகள் ஒவ்வொன்றும் ஒரு கேஷ் லைனின் எல்லையில் தொடங்குமாறு ஒழுங்குபடுத்தப்பட்டன. இல்லாவிட்டால் இரு வெவ்வேறு பக்கங்களின் குறிப்புகள் ஒரே லைனில் அமர்ந்து, தொடர்பே இல்லாத இரு கோர்கள் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டிருக்கும்.

இவை எல்லாம் எழுத்தின் விலையைக் குறைக்கின்றன, எழுத்தை ஒழிப்பதில்லை. அட்டாமிக் செயலுக்கும் கேஷ் லைனின் உரிமை வேண்டும். 64 கோர்கள் ஒரே வேர்ப் பக்கத்தின் 32 பிட் சொல்லை மாற்ற முயன்றால், ஒப்பிட்டு மாற்றும் முயற்சிகள் தோற்றுத் தோற்று மீண்டும் தொடங்கும். எனவே கடைசிக் கேள்வி: படிப்பவர் எதையுமே எழுதாமல் படிக்க முடியுமா?

முடியும் என்று மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட லீன்ஸ்டோர் காட்டியது. அதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. படிப்பவர் முதலில் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்கிறார், பக்கத்தைப் படிக்கிறார், முடிவில் எண் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்கிறார், மாறியிருந்தால் மீண்டும் தொடங்குகிறார். எழுதுபவர் மட்டுமே எண்ணை மாற்றுகிறார். வேர்ப் பக்கம் மிக அரிதாகவே மாறும் என்பதால், அதன் பதிப்பு எண் எல்லாக் கோர்களின் எல்1 கேஷிலும் பிரதியாக அமைதியாக உட்கார்ந்திருக்கும். மிகச் சூடான பக்கம் மிக மலிவான பக்கமாக மாறுவது இந்த முறையில் மட்டும்தான் நிகழ்கிறது.

ஹேஷ் தேடலையும் லீன்ஸ்டோர் தவிர்க்கிறது. குழந்தைப் பக்கம் நினைவகத்தில் இருக்கும்போது, தாய்ப் பக்கத்தில் பக்க எண்ணுக்குப் பதிலாக நேரடி நினைவக முகவரியே எழுதப்படுகிறது. வெளியேற்றத்துக்கும் அணுக்கங்களைக் கண்காணிப்பதில்லை. ஏதோ சில பக்கங்களைக் குருட்டாம்போக்கில் எடுத்து, 'குளிரும்' நிலைக்குத் தள்ளுகிறது. அந்த நிலையில் இருக்கும்போது யாராவது கேட்டால் மீண்டும் சூடான பக்கமாகிறது. யாரும் கேட்காமல் வரிசையின் முடிவை எட்டினால் வெளியேறுகிறது. ஆக, சூடான பக்கத்துக்குக் கண்காணிப்புச் செலவே இல்லை. அதே வழியில் வந்த, 2023இல் வெளியான விஎம்கேஷ், பக்க எண்ணை முகவரியாக மாற்றும் வேலையைச் செயலியின் மெய்நிகர் நினைவக அமைப்பிடமே ஒப்படைத்தது.

இதற்கும் விலை உண்டு. படித்துக்கொண்டிருக்கும் பக்கம் பாதியில் மாறலாம் என்பதால், படித்த எதையும் சரிபார்க்கும்வரை நம்பக் கூடாது. பக்கத்துக்குள் இருக்கும் ஒரு நீள எண்ணை எடுத்து அப்படியே அத்தனை பைட்டுகளை நகலெடுத்தால், பக்க எல்லையைத் தாண்டிப் போய்விடக்கூடும். விடுவிக்கப்பட்ட நினைவகத்தை இன்னும் யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று அறியத் தனி ஏற்பாடு வேண்டும். எந்தக் கட்டத்திலும் மீண்டும் தொடங்கத் தயாராக இருக்குமாறு முழு இண்டெக்ஸ் நிரலையும் எழுத வேண்டும். பத்தாண்டுகளாக வளர்ந்த ஒரு தரவுத்தளத்தில் இதைப் பின்னாளில் பொருத்துவது, புதிதாக ஒன்றை எழுதுவதைவிடக் கடினம். எனவே நடைமுறையில் உள்ள பெரிய தரவுத்தளங்கள் இந்த எண்ணங்களைத் துண்டு துண்டாகத்தான் உள்வாங்குகின்றன.

கேஷ் வேறு வகையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மைஎஸ்க்யூஎல்லின் பழைய வினவல் கேஷை நினைவூட்ட வேண்டும். முழு வினவலின் விடையையும் சேமித்து வைத்த அது, ஒற்றைப் பொதுப் பூட்டின் கீழ் இயங்கியது. அட்டவணையில் ஒரு வரிசை மாறினாலும் அந்த அட்டவணையைச் சார்ந்த எல்லா விடைகளையும் அந்தப் பூட்டின் கீழேயே அழித்தது. கோர்கள் கூடக்கூட, அதை அணைத்தால்தான் வேகம் என்ற நிலை வந்தது. 2018இல் வந்த 8.0 பதிப்பில் அது முற்றிலும் நீக்கப்பட்டது.

நூமா பற்றியும், அதாவது நினைவகம் செயலிகளுக்கு அருகே தனித்தனி மண்டலங்களாகப் பிரிந்திருக்கும் அமைப்பு பற்றியும், பேச வேண்டும். ஏனெனில் 16 கோரிலிருந்து 64 கோருக்குப் போகும்போது, பெரும்பாலும் ஒரு நினைவக மண்டலத்திலிருந்து பல மண்டலங்களுக்குப் போகிறோம். ஒரு சாக்கெட்டின் கோர், மற்றொரு சாக்கெட்டின் நினைவகத்தை எட்ட, சொந்த நினைவகத்தை எட்டுவதைவிடக் கணிசமாக அதிக நேரம் எடுக்கும். தரவுத்தளம் தொடங்கும்போது ஒரே திரெட் முழு பஃபர் பூலையும் தொட்டு நிரப்பினால், லினக்ஸ் அத்தனையையும் அந்தத் திரெட் இருந்த மண்டலத்திலேயே ஒதுக்கப் பார்க்கும். ஒரு மண்டலத்தின் நினைவகம் தீர்ந்து ஸ்வாப் (நினைவகத்தில் இருப்பதை வட்டுக்கு மாற்றுவது) தொடங்கும், மற்ற மண்டலம் காலியாகக் கிடக்கும். பூலை எல்லா மண்டலங்களிலும் சமமாகப் பரப்பி ஒதுக்குவது எளிய மருந்து. இன்னோடிபியில் அதற்கு அமைப்பே இருக்கிறது, மற்றவற்றுக்கு லினக்ஸின் நியூமாக்டில் கட்டளை போதும். போஸ்ட்கிரெஸ் 18இல், எந்தப் பஃபர் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று காட்டும் காட்சிகள் வந்திருக்கின்றன. பரப்புவது சராசரியைச் சமன்செய்யும். ஆனால் சூடான கேஷ் லைன் சாக்கெட்டுகளுக்கு இடையே அலைவதை அது நிறுத்தாது.

இயங்குதளமும் நினைவகத்தைத் தனக்கே உரிய பக்கங்களாகப் பிரிக்கிறது; இவை தரவுத்தளப் பக்கங்கள் அல்ல. இந்த நினைவகப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பயன்படுத்துவதில் கிடைக்கும் பலனைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 64 ஜிபி பஃபர் பூலை 4 கேபி பக்கங்களாகப் பிரித்தால் 1 கோடியே 67 லட்சம் பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்க அட்டவணையில் 8 பைட் என்றால் 128 எம்பி. இணைப்புக்கு ஒரு செயல்முறை என்று இயங்கும் போஸ்ட்கிரெஸில், முழுப் பூலையும் தொடும் ஒவ்வொரு செயல்முறைக்கும் இந்த 128 எம்பி தனித்தனியாக வேண்டும். 500 இணைப்புகள் என்றால் பூலின் அளவுக்கே பக்க அட்டவணைகள் வந்துவிடும். 2 எம்பி பக்கங்களைப் பயன்படுத்தினால், ஒரு செயல்முறைக்கு 256 கேபி போதும். முகவரி மாற்றத்துக்கான செயலியின் சிறு கேஷும் அப்போதுதான் மூச்சுவிடும்.

கேள்வி கேட்டவரின் சர்வரில் என்ன செய்வது? முதலில் அளக்க வேண்டும். லினக்ஸ் 4.10இலிருந்து பெர்ஃப் கருவியில் உள்ள 'சி2சி' வசதி, எந்தக் கேஷ் லைன் கோர்களுக்கு இடையே அலைகிறது, அதை எந்த நிரல் வரி தொடுகிறது என்று காட்டும். அதோடு தரவுத்தளத்தின் காத்திருப்பு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஹேஷ் பூட்டா, உள்ளடக்கப் பூட்டா, கவுன்ட்டரா என்று பிரித்தறியலாம். கேஷே காரணமில்லை என்று தெரியவரவும் கூடும். போஸ்ட்கிரெஸில் 14க்கு முந்தைய பதிப்பு என்றால், பரிவர்த்தனைகளின் நிலையைப் படம்பிடிக்கும் பகுதியே பல நூறு இணைப்புகளில் முதலில் முட்டுவது உண்டு.

பிறகு, ஒரே நேரத்தில் இயங்கும் இணைப்புகளின் எண்ணிக்கையைக் கோர்களின் எண்ணிக்கையை ஒட்டி நிறுத்துங்கள். மிகுந்தவை இணைப்புத் தொகுப்பியின் (இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் இடைநிலை மென்பொருளின்) வாசலில் காத்திருக்கட்டும். வரைகோடு கீழே வளையும் பகுதியிலிருந்து வெளியே வர இதைவிட மலிவான வழி இல்லை. அடுத்து, அண்மைப் பதிப்புக்கு மாறுங்கள்; மேலே சொன்ன திருத்தங்களில் பெரும்பாலானவை அமைப்புகளில் இல்லை, நிரலில் இருக்கின்றன. பெரிய நினைவகப் பக்கங்களை இயக்குங்கள்.

அதன் பிறகும் சூடான பக்கம் ஒன்று தெரிந்தால், அணுகும் முறையை மாற்ற வேண்டும். ஒவ்வொரு கோரிக்கையிலும் மாறாத ஒரு சிறு அமைப்பு அட்டவணையைப் படிக்கும் பயன்பாடுகள் ஏராளம். அதைப் பயன்பாட்டின் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டால் அந்தப் பக்கம் குளிர்ந்துவிடும். நூறு வரிசைகளை நூறு வினவல்களாக எடுக்காமல் ஒன்றாகக் கேட்டால், வினவலுக்கு வினவல் வரும் செலவுகள் ஒருமுறையோடு முடியும். வேர்ப் பக்கத்தில் இறங்குவது குறைகிறதா என்பது மட்டும் வினவலை நிறைவேற்றத் தரவுத்தளம் வகுக்கும் இயக்கத் திட்டத்தைப் பொறுத்தது. அட்டவணையைப் பகுதிகளாகப் பிரித்தால் இண்டெக்ஸுக்கு ஒரு வேர் என்பது பல வேர்களாகும். ஆனால் வினவல் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பது நிபந்தனையிலேயே தெரிந்தால் மட்டுமே இது பயன்படும், இல்லையென்றால் எல்லா வேர்களையும் தொட்டு நிலைமை மோசமாகும்.

இவ்வளவும் செய்து போதாமல் போனால், தரவுத்தளத்தை மாற்றுவதற்கு முன் இன்னொன்றை முயலலாம். அதே சர்வரில், சாக்கெட்டுக்கு ஒன்றாக இரண்டு தரவுத்தள இயக்கங்களை நிறுவி, ஒவ்வொன்றையும் தன் சாக்கெட்டின் கோர்களோடும் நினைவகத்தோடும் கட்டிவிட்டு, தரவைப் பாதிப் பாதியாகப் பிரிப்பது. ஒரு பரிவர்த்தனை இரண்டு பாதிகளையும் தொட வேண்டிய தேவை அரிதாக இருந்தால், சாக்கெட்டுகளுக்கு இடையே அலையும் பஃபர் பூல் கேஷ் லைன் என்பதே இல்லாமல் போகும். நிர்வாக வேலை இரட்டிப்பாகும். காப்புப் பிரதியும் பதிப்பு உயர்வும் இருமுறை செய்ய வேண்டியிருக்கும். புதிய தரவுத்தளத்துக்குப் பயன்பாட்டை மாற்றி எழுதும் உழைப்போடு ஒப்பிட்டு, எது குறைவு என்பதை அந்த இடத்தில் முடிவு செய்துகொள்ளலாம்.